டெவன் பிரபு பட்டம் – இரத்தமா? காகிதமா?

இங்கிலாந்து தேசத்தில் பிரபுக்கள் என்று ஒரு கூட்டத்தார் உண்டு என்பதும், அவர்களுக்குள் டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைக்கௌண்ட், பாரன் என்பதாக மேலும் கீழுமாய் ஐந்து படிகள் உண்டு என்பதும் நம் வாசகர்களில் பலர் அறிந்ததேயாகும். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் நம் தலைக்கு மேல் வைஸ்ராய்களாகவும் கவர்னர்களாகவும் வந்து உட்கார்ந்தவர்களில் பலர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. இப்பட்டங்களில் சில எழுநூறு, எண்ணூறு வருஷத்துப் பழமை உடையவை என்றும், தகப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று இரத்தத்தின் வழியாகவே இறங்கி வந்தவை என்றும், அந்த இரத்தத்திற்கே ஒரு தனி மகிமை உண்டு என்றும் சொல்லப்படும்போது கேட்பவர்களுக்குக் கொஞ்சம் மலைப்பு உண்டாகத்தான் செய்யும். நமக்கோ, ஒரு வஸ்து மிகப் பழமையானது என்று யாராவது சொன்னால், "அப்படியா? அதன் பத்திரத்தை எடு, பார்ப்போம்" என்று கேட்கும் வழக்கம் இருக்கின்றது. ஆகவே அப்பட்டங்களில் மிகப் பழையவைகளில் ஒன்றாகிய டெவன் ஏர்ல் பட்டம் என்பதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதன் பத்திரங்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்க்கலாம் என்று கருதுகின்றோம்.

முதலாவது, ஏர்ல் என்பது ஆதியில் ஒரு பட்டமல்ல. அது ஓர் உத்தியோகம். டெவன் என்பது இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள ஒரு ஜில்லா. அம்மாதிரி ஜில்லாவை ராஜாவுக்காகப் பார்த்துக்கொள்ளுகிறவனுக்கு ஏர்ல் என்று பேர். அவனுக்குக் கூலியாக ஜில்லாக் கோர்ட்டில் வசூலாகும் அபராதப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கப்படும். வேலை செய்தான், கூலி வாங்கினான், அவ்வளவுதான். பிறகு வேலை போய்விட்டது, கூலியும் தேய்ந்து பேருக்கு நின்றது, உத்தியோகத்தின் பேர் மாத்திரம் மகனுக்கும் பேரனுக்கும் சொத்தாய் நின்றுவிட்டது. நம் கிராமங்களில் கர்ணம், மணியம் என்ற வேலைகள் எப்படிக் குடும்பச் சொத்தாக இருந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்குவது கஷ்டமல்ல. ஆனால் நம் கர்ணமாவது கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்!

இந்தப் பட்டம் முதன்முதல் எப்படி வந்தது? 1135-இல் முதலாம் ஹென்றி ராஜா செத்தவுடன், அவருடைய மகள் மெட்டில்டாவுக்கும், சகோதரியின் மகன் ஸ்டீபனுக்கும் சிம்மாசனத்திற்காகச் சண்டை மூண்டது. அதில் பால்ட்வின் டி ரெட்வர்ஸ் என்ற ஒரு நார்மன் பிரபு மெட்டில்டாவின் கட்சியில் சேர்ந்து, எக்ஸிடர் கோட்டையைப் பிடித்துக்கொண்டு ஸ்டீபனை எதிர்த்தார். அதற்குப் பிரதியாக 1141-ஆம் வருஷ வாக்கில் அந்த அம்மாள் அவரை டெவன் ஏர்லாக்கினாள். மெட்டில்டாவோ இங்கிலாந்தின் ராணியாக முடிசூட்டப்படவே இல்லை. முடி சூடாத ஒரு அம்மாள், தன் கட்சியில் சேர்ந்து சண்டை போட்டவருக்குக் கொடுத்த சன்மானந்தான் இந்த எண்ணூறு வருஷத்துப் பெருமைக்கு அஸ்திவாரம் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

அந்த ரெட்வர்ஸ் வம்சம் 1262-இல் ஆண்வாரிசு இல்லாமல் போயிற்று. அப்போது பட்டமும் நிலமும் கடைசி ஏர்லின் சகோதரியாகிய இஸபெல்லா என்ற அம்மாளுக்குப் போயிற்று. அந்த அம்மாள் முப்பது வருஷத்துக்கு மேல் பெரும் சொத்தை ஆண்டாள். 1293-இல் அவள் சாகுந்தறுவாயில் முதலாம் எட்வர்ட் ராஜாவின் ஆட்கள் படுக்கையண்டை வந்து, அவளுக்குச் சொந்தமான வைட் தீவு முழுவதையும் 6,000 மார்க்குக்கு ராஜாவின் பேருக்குக் கிரயம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறு உலகத்துக்குப் போகிறவளிடத்தில் இந்த உலகத்துத் தீவை வாங்கிக்கொள்ளுவதில் ராஜாக்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் பாருங்கள்!

அவளுக்குப் பிறகு, அதே ரெட்வர்ஸ் குடும்பத்தில் பிறந்த மேரி என்ற ஒரு பெண்ணின் வழியில் வந்த கோர்ட்னி வம்சத்தாருக்கு நிலம் சேர்ந்தது. பட்டம் மாத்திரம் சேரவில்லை. ஹ்யூ கோர்ட்னி என்பவர் 42 வருஷம் காத்திருந்தார். கடைசியாக 1335-இல் மூன்றாம் எட்வர்ட் ராஜா ஒரு கடிதம் எழுதி, "இனி உம்மை ஏர்ல் என்று அழைக்கலாம்" என்று உத்தரவு செய்த பிறகுதான் அவர் ஏர்ல் ஆனார். 1334-இல் அவர் உடம்பில் ஓடிய இரத்தமும் 1335-இல் ஓடிய இரத்தமும் ஒன்றுதானே? நடுவில் வந்தது ஒரு கடிதம். இந்தக் கோர்ட்னி வம்சத்தாருக்குப் பட்டம் வந்தது ஒரு பெண்ணின் வழியாகத்தான் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளவேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்படி வந்த குடும்பத்துக்கு ஒரு புராணம் வேண்டாமா? அதற்கும் ஆட்கள் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தாரின் தர்மத்தில் சாப்பிட்டுக்கொண்டு, அந்தக் குடும்பத்தாரின் பிணங்களைத் தங்கள் மடத்தில் புதைத்துக்கொண்டிருந்த ஃபோர்டு மடாலயத்துத் துறவிகள் உட்கார்ந்து ஒரு வம்சாவளி எழுதினார்கள். அதன்படி இந்தக் கோர்ட்னிகள் பிரஞ்சு தேசத்துப் பருத்த லூயி ராஜாவின் மகனான புளோரஸ் என்ற ஒரு இளவரசனின் வழி வந்தவர்களாம். பெரிய பெரிய பண்டிதர்களும் இதை ஏற்றுக்கொண்டு தங்கள் புஸ்தகங்களில் எழுதிவிட்டார்கள். ரோம ராஜ்யத்தின் வீழ்ச்சியைப் பற்றிச் சரித்திரம் எழுதிய கிப்பன் என்ற அறிஞர்தான், 1788-இல் வெளிவந்த பாகத்தில் இந்தக் குடும்பத்தின் கதையையும் எடுத்துப் பேசி, புளோரஸ் சங்கதி மடத்துச் சாமியார்கள் கட்டிவிட்ட கதை என்று தள்ளினார். நம் நாட்டில் சோழர்களைச் சூரியனுக்கும் பாண்டியர்களைச் சந்திரனுக்கும் பிறந்தவர்களாக்கி மான்யம் பெற்றவர்களோடு பார்த்தால் இந்த வெள்ளைக்காரத் துறவிகள் கொஞ்சம் அடக்கமானவர்கள் என்றே சொல்லவேண்டும். ஒரு பிரஞ்சு ராஜாவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நிற்க, இரத்தம் என்பதைப் பற்றி இங்கிலாந்துச் சட்டம் சொல்லிவந்த ஒரு வேடிக்கையை நம் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிரபுவை ராஜத்துரோகி என்று பார்லிமெண்ட் தீர்மானித்துவிட்டால், அவருடைய தலை போவதோடு விஷயம் முடிவதில்லை. அவருடைய இரத்தம் கெட்டுப்போய்விட்டது என்று சட்டம் சொல்லும். சட்டப் புஸ்தகத்தில் அதற்கு வழங்கிய பேரே இரத்தம் கெடுதல் என்பதுதான். கெட்ட இரத்தத்தின் வழியாகப் பட்டமும் இறங்காது, நிலமும் இறங்காது. பிற்பாடு வேறொரு ராஜா வந்து, வேறொரு பார்லிமெண்டைக் கூட்டி, இன்னொரு சட்டம் செய்தால் கெட்ட இரத்தம் உடனே சுத்தமாகிவிடும். காலையில் ஒரு சட்டத்தால் கெட்டு, மாலையில் ஒரு சட்டத்தால் சுத்தமாகும் இரத்தம் எந்த வைத்திய சாஸ்திரத்தில் இருக்கின்றது என்று நமக்கு விளங்கவில்லை. இந்த முறை 1870-ஆம் வருஷத்தில்தான் அடியோடு எடுக்கப்பட்டது.

கோர்ட்னி வம்சத்தாருடைய இரத்தம் எத்தனை தடவை கெட்டுச் சுத்தமாயிற்று என்று பாருங்கள். லங்காஸ்டர் கட்சி, யார்க் கட்சி என்று இரண்டு ராஜ குடும்பங்கள் அடித்துக்கொண்ட காலத்தில் மூன்று அண்ணன் தம்பிகளும் மாண்டார்கள். 1461-இல் மூத்தவர் தாமஸின் தலை யார்க் நகரத்தில் வெட்டப்பட்டது. 1469-இல் அடுத்தவர் ஹென்றியின் தலை சாலிஸ்பரியில் வெட்டப்பட்டது. 1471-இல் கடைசித் தம்பி ஜான் டியூக்ஸ்பரி சண்டையில் செத்தார். பட்டம் போயிற்று. 1485-இல் ஏழாம் ஹென்றி ஜெயித்து, பங்காளி ஒருவருக்குப் புதிதாகப் பட்டம் கொடுத்தார். அந்தப் பங்காளியின் மகன் நான்காம் எட்வர்ட் ராஜாவின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். ராஜ குமாரியைக் கொண்ட குற்றத்துக்காகவே சந்தேகத்திற்கு ஆளாகிச் சிறையில் அடைக்கப்பட்டு, 1504-இல் அவருடைய இரத்தம் கெட்டது, 1511-இல் சுத்தமாயிற்று, சுத்தமான அடுத்த மாதமே செத்துப்போனார். அவருடைய மகன் ஹென்றி கோர்ட்னியை எட்டாம் ஹென்றி ராஜா தனக்கு உடன்பிறந்தவனைப்போல் வளர்த்து, 1525-இல் எக்ஸிடர் மார்க்விஸ் என்று மேலும் ஒரு படி ஏற்றிவைத்து, 1538-இல் ராஜத்துரோகம் சாட்டித் தலையை வாங்கினார். இந்தக் குடும்பத்தாரின் கேடயத்தில் எழுதிவைத்துக்கொண்ட வாசகம், "எங்கே விழுந்தேன்? என்ன செய்தேன்?" என்று பொருள்படுவதாகும். அதில் மாத்திரம் புளுகு இல்லை என்று ஒப்புக்கொள்ளுகின்றோம்.

அந்த ஹென்றிக்கு எட்வர்ட் என்று ஒரு மகன். தகப்பன் பிடிபட்டபோது பையனுக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். அந்தப் பையனையும் லண்டன் டவர் சிறையில் அடைத்தார்கள். அவன் யாரையும் அடித்தானா, திருடினானா? ஒன்றுமில்லை. அவனுடைய பாட்டி ஒரு ராஜாவின் மகள். அவன் உடம்பில் யார்க் வம்சத்து இரத்தம் ஓடுகின்றது. ஆகவே ஒரு நாள் சிம்மாசனத்துக்குப் போட்டியாக வந்தாலும் வரலாம் என்ற பயமே காரணம். 15 வருஷம்! விளையாடவேண்டிய வயதில் உள்ளே போனவன் இருபத்தைந்து வயதைத் தாண்டி வெளியே வந்தான். இரத்தத்திற்கு மகிமை உண்டு என்று பேசுகிறவர்கள் அந்த மகிமைக்காக ஒரு குழந்தை கொடுத்த விலையையும் சேர்த்துப் பேசவேண்டும்.

1553-இல் மேரி ராணி பட்டத்திற்கு வந்தவுடன் எட்வர்டை விடுதலை செய்து, செப்டம்பர் மாதத்தில் அவரை டெவன் ஏர்ல் என்று ஏற்படுத்திப் புது சன்னது கொடுத்தாள். ராணியையே அவருக்குக் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று கூடச் சிலர் யோசித்தார்கள். அது நடக்கவில்லை. அடுத்த வருஷம் வயட் என்பவர் செய்த கலகத்தில் இவருக்கும் சம்பந்தம் உண்டென்று சந்தேகம் வந்து, மறுபடியும் டவர் சிறை, பிறகு தேசப்பிரஷ்டம். 1556-இல் இத்தாலியில் பாதுவா நகரத்தில், கல்யாணமில்லாமல், பிள்ளையில்லாமல், அந்நிய பூமியில் செத்துப்போனார். அத்தோடு டெவன் ஏர்ல் பட்டம் முடிந்தது என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள்.

எல்லோரும் என்று நாம் வேண்டுமென்றேதான் சொல்லுகின்றோம். ராஜாக்களும் அப்படியே தீர்மானித்தார்கள். 1603-இல் முதலாம் ஜேம்ஸ் ராஜா அந்த ஜில்லாப் பேரில் டெவன்ஷயர் ஏர்ல் என்ற பட்டத்தை சார்லஸ் பிளௌண்ட் என்பவருக்குக் கொடுத்தார். அவர் 1606-இல் முறையான வாரிசில்லாமல் செத்தார். 1618-இல் அதே பட்டம் வில்லியம் கேவெண்டிஷ் என்ற பணக்காரருக்குப் போயிற்று. அவர் அதற்காக 10,000 பவுன் கொடுத்தார் என்று சொல்லப்படுகின்றது. ஜேம்ஸ் ராஜாவின் காலத்தில் பட்டங்கள் கடைச்சரக்காக விலைபோயின என்பது சரித்திரம் படித்தவர்கள் அறிந்த விஷயமானதால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் கேவெண்டிஷ் வம்சத்தார் 1694-இல் டெவன்ஷயர் டியூக்குகளாக உயர்ந்தார்கள். கோர்ட்னி வம்சத்தில் எஞ்சியிருந்த ஒரு கிளையினர், எக்ஸிடருக்கு அருகே பௌடர்ஹம் என்ற கோட்டையில் தங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, யாதொரு உரிமையும் கோராமல் வாழ்ந்து வந்தார்கள்.

இவ்வாறு 275 வருஷம் சென்றது. பிறகுதான் யாரோ ஒருவர் 1553-ஆம் வருஷத்து சன்னதை எடுத்துப் படித்துப் பார்த்தார்.

சாதாரணமாக இம்மாதிரி சன்னதுகளில், "இன்னாருக்கும், அவருடைய உடலில் பிறந்த ஆண்வாரிசுகளுக்கும்" என்று லத்தீன் பாஷையில் எழுதியிருக்கும். அதாவது மகன், மகனுடைய மகன் என்று நேரே இறங்கவேண்டும். அந்த வழி அற்றுப்போனால் பட்டமும் அற்றுப்போகும். மேரி ராணியின் சன்னதிலோ "உடலில் பிறந்த" என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்கள் இல்லை! "அவருக்கும், அவருடைய ஆண்வாரிசுகளுக்கும்" என்று மாத்திரம் இருந்தது. அது ராணியின் தாராளமோ, எழுதின குமாஸ்தாவின் கைமறதியோ, எதுவானாலும் சரி; அந்த இரண்டு சொற்கள் விட்டுப்போனதால், உடலில் பிறந்த மகன் இல்லாவிட்டாலும் எவ்வளவு தூரத்துப் பங்காளியாயிருந்தாலும் வாரிசுதான் என்று வக்கீல்கள் வாதிக்க இடம் கிடைத்தது. பௌடர்ஹம் கிளையாருக்கும் 1553-இல் பட்டம் பெற்ற எட்வர்டுக்கும் எங்கே சம்பந்தம் என்று பார்த்தால், 1377-இல் செத்த ஹ்யூ கோர்ட்னி என்ற ஒரு பாட்டனிடத்தில் போய்த்தான் இரண்டு கிளையும் சேருகின்றது. நம் ஊரில் இவ்வளவு தூரத்துத் தாயாதி வந்து சொத்தில் பங்கு கேட்டால் திண்ணையில் கூட உட்காரவிடமாட்டார்கள்.

ஆனால் 1831-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிரபுக்கள் சபை இந்த வாதத்தை ஒப்புக்கொண்டது. லார்டு சான்ஸலராயிருந்த புரூம் பிரபு அதற்கு ஆதரவாயிருந்தார். அதே மார்ச்சு மாதத்தில் காமன்ஸ் சபையில், பெருந்தொகையான ஜனங்கள் வசிக்கும் மாஞ்செஸ்டர் போன்ற பட்டணங்களுக்கு ஒரு ஸ்தானம்கூட இல்லையே, அதைக் கொடுங்கள் என்ற சீர்திருத்த மசோதா விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. செத்து 275 வருஷமான ஒரு பட்டத்திற்கு உயிர் கொடுத்த பிரபுக்கள், உயிரோடிருந்த ஜனங்களின் மசோதாவை அக்டோபர் மாதத்தில் தோற்கடித்தார்கள். அதனால் பிரிஸ்டலிலும் நாட்டிங்ஹாமிலும் கலகங்கள் நடந்து கட்டிடங்கள் எரிந்தன.

தீர்ப்பின் பலனாக ஒரு விநோதமும் ஏற்பட்டது. பட்டம் 1556-இல் முடியவே இல்லை என்று ஆகிவிட்டபடியால், அதற்குப் பின் பௌடர்ஹமில் பிறந்து, வாழ்ந்து, செத்த ஏழு பேர் தாங்கள் ஏர்ல்கள் என்பது தெரியாமலேயே ஏர்ல்களாக இருந்துவிட்டுப் போனார்கள்! 1831-இல் பட்டம் பெற்றவர் அதனால்தான் இரண்டாவது ஏர்லாக எண்ணப்படாமல் ஒன்பதாவது ஏர்லாக எண்ணப்படுகின்றார். அந்த ஏழு பேரில் ஒருவர், சாவதற்குப் பத்து நாளைக்கு முன்பு, 1762-இல், வைக்கௌண்ட் என்ற சிறிய பட்டத்தைப் பெற்றுக்கொண்டு சந்தோஷமாகச் செத்தார். தன் உடம்பில் ஓடுவது அதைவிடப் பெரிய பட்டம் என்று அவருடைய இரத்தமாவது அவருக்குச் சொல்லியிருக்கக்கூடாதா? ஏழு தலைமுறை மனிதரில் ஒருவர் உடம்பில்கூட அது ஒரு முணுமுணுப்பும் செய்யவில்லை. அப்படியானால் அது எங்கே இருந்தது? பழைய தஸ்தாவேஜுக் கட்டில் இருந்தது.

இனி பட்டம் பெற்றவரைப் பற்றிச் சொல்லுகின்றோம். அவர் மூன்றாவது வைக்கௌண்ட் வில்லியம் கோர்ட்னி. அவருக்குப் பதின்மூன்று சகோதரிகள். ஆண்பிள்ளை அவர் ஒருவரே. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் வழியாகவே இந்தப் பட்டத்தை அடைந்த குடும்பம் என்று மேலே சொன்னோமல்லவா? அந்தக் குடும்பத்தில் பதின்மூன்று பெண்கள் இருந்தும், 1835-இல் அவர் செத்தபோது, ஏர்ல் பட்டம் அவர்களில் ஒருவருக்கும் போகவில்லை. தூரத்துப் பங்காளியான இன்னொரு வில்லியம் கோர்ட்னிக்குப் போயிற்று. அந்தப் பங்காளி யார் தெரியுமா? ஒரு பிஷப்பின் மகன். வழக்கு நடந்த அதே பிரபுக்கள் சபையில் உதவிக் குமாஸ்தா உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர். வழக்கைக் கிளப்பி நடத்தியதில் அவருடைய கையே பெரிது என்று சொல்லுவதுண்டு. வைக்கௌண்ட் பட்டம் நேர் வாரிசில்லாமல் அற்றுப்போகக்கூடியது. விட்டுப்போன இரண்டு சொற்களின் பலத்தில் எழுந்த ஏர்ல் பட்டமோ பங்காளிக்கே வந்து சேரக்கூடியது. சன்னதில் சொல்லை விட்டது ஒரு குமாஸ்தாவானால், அதைக் கண்டு எடுத்தது இன்னொரு குமாஸ்தா என்று நாம் நினைத்துக்கொண்டால் அது பெரிய பிசகாகாது.

அந்த ஒன்பதாவது ஏர்ல் தன் பட்டத்தை அனுபவிக்க இங்கிலாந்தில் இல்லை. ஆணோடு ஆண் கூடினார் என்ற குற்றச்சாட்டுக்குப் பயந்து 1811-இலேயே தேசத்தைவிட்டு ஓடிப்போய், கடைசியில் பாரிசில் வசித்தார். அதற்காக அவரைப் பழிப்பது நமது நோக்கமல்ல. அந்தச் செய்கையை இங்கிலாந்துச் சட்டமே 1967-இல் குற்றமல்ல என்று தளர்த்திவிட்டது. நாம் கேட்பது வேறு. அவர் காலத்தில் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை தூக்கு. அப்படியிருந்தும் பிரபுக்கள் சபை அவருக்குப் பாரிசில் இருக்கும்போதே ஏர்ல் பட்டத்தைத் தீர்ப்புச் செய்தது. அவர் 1835-ஆம் வருஷம் மே மாதத்தில் ஏர்லாகப் படுக்கையில் செத்தார். அதே 1835-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் லண்டனில் நியூகேட் சிறைக்கு முன்னால் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இரண்டு ஏழைகள் அதே குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். ஓடுவதற்குக் கப்பல் கூலியில்லாதவர்கள். ஒரே சட்டம், ஒரே வருஷம்.

விட்டுப்போன சொற்களின் மகிமை எல்லோருக்கும் பலித்ததா என்றால், அதுவும் இல்லை. 1397-இல் வில்லியம் ஸ்குரோப் என்பவருக்கு வில்ட்ஷயர் ஏர்ல் பட்டம் கொடுத்த சன்னதிலும் அதே மாதிரி "உடலில் பிறந்த" என்பது இல்லை. அவருடைய பங்காளி வம்சத்தார் ஒருவர், டெவன் தீர்ப்பைக் காட்டி, தனக்கும் அப்படியே கொடுங்கள் என்று கேட்டார். 1869-இல் அதே பிரபுக்கள் சபை, அப்படிப்பட்ட வாரிசு முறை சட்டத்திலேயே கிடையாது என்று சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டது. அதற்காக டெவன் பட்டத்தைத் திரும்பப் பிடுங்கவும் இல்லை. 1831-இல் சரியானது 1869-இல் தப்பு. தப்பானதும் ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டால் சரி!

இது வரையில் சொன்னதெல்லாம் பிரபுக்களின் வேடிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மயக்கத்தால் பாமர ஜனங்கள் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். கார்ன்வால் ஜில்லாவில் ட்ரூரோ என்ற ஊரில் ஜான் நிக்கல்ஸ் டாம் என்ற ஒரு ஒயின் வியாபாரி இருந்தார். அவருக்குச் சித்தம் கலங்கியது. 1832-இல் அவர் கெண்ட் ஜில்லாவிலுள்ள கேண்டர்பரி நகரத்தில் தாடியும் ஜரிகை உடுப்புமாகத் தோன்றி, "நான்தான் சர் வில்லியம் கோர்ட்னி, டெவன் ஏர்லின் வாரிசு" என்று சொல்லிக்கொண்டார். நிஜமான கோர்ட்னியோ வருஷக்கணக்காய்ப் பாரிசில் இருந்ததால் யாரும் முகம் பார்த்ததில்லை. அந்த வருஷத் தேர்தலில் அவர் நின்றபோது முந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அவருக்கு ஓட்டுப்போட்டார்கள். ஓட்டுரிமை உள்ளவர்கள், அதாவது சொத்துக்காரர்கள் போட்ட ஓட்டுகள். பிறகு பொய்ச்சாட்சி சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டு, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் வைக்கப்பட்டு வெளியே வந்தார். வந்தவர் பிரபு என்பதோடு நிற்காமல் கிறிஸ்துவும் தானேயென்றும், குண்டு தன் உடம்பில் பாயாது என்றும், தன்னை நம்புகிறவர்களுக்கு நிலம் கொடுப்பதாயும் சொல்ல ஆரம்பித்தார்.

1834-ஆம் வருஷத்து ஏழைகள் சட்டத்தால் வயிறு காய்ந்து கிடந்த விவசாயக் கூலிகள் அவர் பின்னால் போனார்கள். 1838-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி, பாஸண்டன் காட்டில் சிப்பாய்கள் அவர்களை வளைத்துக்கொண்டார்கள். டாம் ஒரு லெப்டினெண்டைச் சுட்டுக் கொன்றார். உடனே சிப்பாய்கள் சுட்டார்கள். குண்டு பாயாத உடம்பில் குண்டு பாய்ந்து அவர் செத்தார். அவரை நம்பிக் கையில் தடியோடு வந்த கூலிகளில் எட்டுப் பேரும் செத்தார்கள். மூன்றாம் நாள் அவர் எழுந்திருப்பார் என்று காத்திருந்தவர்களும் உண்டு. பிற்பாடு ஒரு கல்விச் சங்கத்தின் சார்பில் அந்தக் கிராமங்களில் விசாரணை நடந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எவ்வளவு குறைவு என்பது அப்போதுதான் வெளியாயிற்று. அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனமில்லை. இரத்தத்தில் பெரியவன் ஒருவன் வந்துதான் நம்மைக் கடைத்தேற்றவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது டாம் அல்ல. எழுநூறு வருஷமாய்ச் சர்ச்சிலும் கோர்ட்டிலும் கோட்டையிலும் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம் அது. பிரபுக்கள் சபையார் 1831-இல் நிஜ வாரிசு என்று ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். கெண்ட் கூலிகளும் தங்களுக்குத் தெரிந்த அளவில் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, இதெல்லாம் பழங்கதைதானே என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் சரியல்ல. பிறவியால் சட்டசபையில் உட்காரும் உரிமையை இங்கிலாந்தார் 1999-ஆம் வருஷத்துச் சட்டத்தால்தான் எடுத்தார்கள். அப்போதும் அறுநூற்றுக்கு மேற்பட்டவர்களை வெளியே அனுப்பிவிட்டு, 92 பேரை மாத்திரம் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் போனால் அந்த இடத்துக்குத் தேர்தல் என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். அதில் நிற்கவேண்டுமானால் பிறவிப் பிரபுவாயிருக்க வேண்டியிருந்தது; ஓட்டுப்போட்டவர்களும் பெரும்பாலும் பிறவிப் பிரபுக்களாகவே இருந்தார்கள். 2016-இல் லிபரல் கட்சியாருக்குரிய ஓர் இடத்துக்கு நடந்த தேர்தலில் நின்றவர்கள் 7 பேர். ஓட்டர்கள் 3 பேர். மூன்று ஓட்டையும் ஒருவரே பெற்று ஏகமனதாய் ஜெயித்தார்! நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் இப்படி நடந்தால் அதே இங்கிலாந்துப் பத்திரிகைகள் என்ன எழுதும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட தேர்தல் ஒன்றில் 2018-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஜெயித்து, சட்டம் செய்யும் சபைக்குள் போனவர் டெவன் ஏர்ல். கணக்கின்படி பத்தொன்பதாவது ஏர்ல். அவர் வக்கீல் தொழிலில் தேர்ந்தவர். அவருடைய சொந்த யோக்கியதையைப் பற்றி நமக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் எத்தனையோ வக்கீல்கள் இருக்க, அந்தத் தேர்தலில் நிற்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? 1553-ஆம் வருஷத்து சன்னதில் விட்டுப்போன இரண்டு சொற்களிலிருந்து வந்தது.

எஞ்சியிருந்த பிறவி ஸ்தானங்களையும் எடுத்துவிடுவதற்கு 2024-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அத்தேசத்து சர்க்கார் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது சபையிலுள்ள நாற்காலியைப் பற்றியதே தவிர, பட்டத்தைப் பற்றியதல்ல. சிம்மாசனத்துக்குக் கூட, 2011 அக்டோபர் 28-ஆம் தேதிக்குப் பின் பிறந்தவர்கள் விஷயத்தில், ஆண் பெண் என்று பாராமல் மூத்த குழந்தைக்கே உரிமை என்று 2013-இல் சட்டம் செய்துவிட்டார்கள். பிரபுப் பட்டங்களை மாத்திரம் அந்தச் சட்டம் தொடவில்லை. ஆகவே பெண்ணொருத்தி வழியாகக் கோர்ட்னி வம்சத்துக்கு வந்த டெவன் ஏர்ல் பட்டத்திற்கு, பௌடர்ஹமில் எத்தனை பெண்கள் மூத்தவர்களாய்ப் பிறந்தாலும், 1553-ஆம் வருஷத்துக் காகிதத்தின்படி ஆணே வாரிசு. வீட்டில் ஆணில்லாவிட்டால் எங்கேயாவது இருக்கும் பங்காளி வாரிசு.